உஷார்! வயதை நிரூபிக்க முடியாவிட்டால் வழக்கு கவிழும்

தமிழ்நாட்டில் ஒரு தந்தை சாட்சிக் கூண்டில் ஏறினார். 1993 ஜூலையில் மகளைக் கடத்திக்கொண்டு போய்ப் பாலியல் வன்முறை செய்தார்கள் என்பது வழக்கு. ஆறு வருடம் கழித்து, 1999 ஆகஸ்டில்தான் சாட்சியம் சொல்ல அவருக்கு முறை வந்தது. சொன்னார். ஆனால் மகளின் வயதைச் சொல்லவில்லை. பிறந்த தேதியைச் சொல்லவில்லை. பள்ளிச் சான்றிதழைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மகளும் அதே நாளில் சாட்சியம் சொன்னாள். அவளும் வயதைக் குறிப்பிடவில்லை. பிறகு யாருக்கோ உறைத்து, மனுப் போட்டு, அவளை மறுபடியும் கூண்டில் ஏற்றிப் பள்ளி மாற்றுச் சான்றிதழைக் காட்டினார்கள். அதில் 15.6.1977 என்று இருந்தது. அதில் கையெழுத்திட்ட தலைமையாசிரியரை மட்டும் யாரும் அழைக்கவில்லை.

2011 ஜனவரியில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சட்டம் படித்தவர்கள் அதை அலமேலு வழக்கு என்பார்கள். சான்றிதழில் எழுதியிருப்பது உண்மைதான் என்று உறுதி சொல்ல நம்பத்தகுந்த சாட்சி யாரும் இல்லை என்றது நீதிமன்றம். தண்டனை ரத்தாயிற்று. வயது மட்டுமே காரணம் இல்லை, வேறு ஓட்டைகளும் இருந்தன. சான்றிதழை அப்படியே ஏற்றாலும் சம்பவத்தன்று அவளுக்கு 16 வயது முடிந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. அப்போது இந்தியாவில் இசைவு வயது 16. இருந்தும், பெற்ற தகப்பன் கூண்டில் நிற்கும்போது “உங்கள் மகள் எப்போது பிறந்தாள்?” என்ற ஒரு கேள்வி கேட்கப்படாமலே போனதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மலேசியாவின் பாகான் டத்தோவில் இருந்துகொண்டு தமிழ்நாட்டு வழக்கை ஏன் பேச வேண்டும்? காரணம் இருக்கிறது. நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டம், 1872-இல் வெள்ளைக்காரன் இந்தியாவுக்கு எழுதிய சாட்சியச் சட்டத்தின் வார்ப்பு. பொதுப் பதிவேட்டில் உள்ள பதிவு எப்போது சாட்சியமாகும் என்று சொல்லும் 35-ஆம் பிரிவு எண்கூட மாறாமல் அப்படியே இங்கே வந்தது. இந்தியத் தீர்ப்புகள் நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, உண்மைதான். ஆனால் நம் வழக்கறிஞர்கள் அவற்றைப் புரட்டிப் பார்க்காமல் வாதாட வருவதில்லை. தமிழ்நாட்டில் ஒரு வழக்கைக் கவிழ்த்த அதே ஓட்டை தெலுக் இந்தான் நீதிமன்றத்திலும் வழக்கைக் கவிழ்க்கும். நாம்தான் முன்கூட்டியே விழித்துக்கொள்ள வேண்டும்.

மலேசியச் சட்டத்தில் மூன்று கோடுகள் இருக்கின்றன: 12, 16, 18. பெற்றோர் எல்லாரும் இதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 16 வயது நிறையாத பெண்ணுடன் உடலுறவு கொண்டால், அவள் சம்மதித்தாள் என்ற பேச்சே எடுபடாது. அது வன்புணர்ச்சி என்கிறது குற்றவியல் சட்டத்தின் 375-ஆம் பிரிவு. தண்டனை 20 ஆண்டு வரை சிறை, பிரம்படி. 12 வயது நிறையாத பிள்ளை என்றால் 376(2)-ஆம் பிரிவுக்குப் போகும். அங்கே சிறை 10 ஆண்டுக்குக் குறையாது, 30 ஆண்டு வரை போகலாம், பிரம்படியும் உண்டு. 2017-இல் வந்த சிறுவர்களுக்கு எதிரான பாலியல் குற்றச் சட்டமோ 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லாரையும் பிள்ளைகள் என்கிறது, ஆண் பிள்ளைகளையும் சேர்த்து. தொடுவதும், ஆசை வார்த்தை சொல்லி வலை விரிப்பதும் இந்தச் சட்டத்தின் கீழ்தான் வரும். நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர், அதாவது மாற்றாந்தந்தை, ஆசிரியர், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் உறவினர் போன்றவர் செய்திருந்தால், தண்டனை இன்னும் கூடும்.

இதே சட்டத்தின் 18-ஆம் பிரிவு ஒரு பெரிய வரம். பிள்ளையின் சாட்சியத்துக்கு வேறு ஆதாரத் துணை இல்லாவிட்டாலும், அதை மட்டுமே வைத்துக் குற்றவாளி என்று தீர்க்கலாம் என்கிறது. எத்தனையோ வருடப் போராட்டத்துக்குப் பிறகு வந்த பிரிவு அது. பிள்ளையின் வாய்மொழியை அவ்வளவு தூரம் நம்பும் அந்தச் சட்டத்துக்கும், சம்பவத்தன்று அது பிள்ளைதான் என்பதற்குத் தனியாகச் சாட்சியம் வேண்டும். இந்த இடத்தில்தான் நம் குடும்பங்கள் தடுக்கி விழுகின்றன.

வயதுக் கோடு எவ்வளவு ஈவிரக்கமில்லாதது என்பதற்கு 1890-இல் கல்கத்தாவில் நடந்த புல்மோனி தாசி வழக்கைச் சொல்வார்கள். அந்தச் சிறுமியின் உயிர் போனதே கணவனின் வன்முறையால்தான். அப்போது இந்தியாவில் கோடு 10 வயது. பிள்ளைக்குப் பதினொன்று நடக்கும்போதோ முடிந்தபோதோ நடந்த சம்பவம், எப்படிப் பார்த்தாலும் பத்தைத் தாண்டிவிட்டாள். எனவே வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டே நிற்கவில்லை. சிறிய பிரிவொன்றில் அவனுக்கு ஓராண்டுக் கடுங்காவல் கிடைத்தது. அதற்கு அடுத்த வருடம்தான் கோட்டை 12-க்கு உயர்த்தினார்கள். அந்தச் சட்டப் பரம்பரையில் வந்ததுதான் நம் சட்டமும். கோடு உயர்ந்திருக்கிறது. கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று நாள் கணக்குப் பார்க்கும் குணம் மட்டும் மாறவில்லை.

அந்த நாள் கணக்கில் நமக்கென்று ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நாம் நடக்கிற வயதைச் சொல்வோம். பதினைந்தாவது பிறந்தநாள் கொண்டாடிய மறுநாளே “எம் பொண்ணுக்குப் பதினாறு நடக்குது” என்போம். கோயிலில் அர்ச்சனைக்குச் சொல்லும்போது ஒன்றும் கெட்டுவிடாது. போலீஸ் நிலையத்தில், பதற்றத்தில், அரைகுறை மலாயில் “உமூர் எனாம் பெலாஸ்” என்று சொல்லிவிட்டால், முதல் தகவலிலேயே பிள்ளை 16 வயதுக்காரியாகிவிடுகிறாள். அப்புறம் பிறப்புப் பத்திரம் வந்து சரி செய்யும்தான். ஆனால் இரண்டு வருடம் கழித்துக் குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டி, “அம்மா, அன்றைக்கு நீங்கள்தானே பதினாறு என்று சொன்னீர்கள்?” என்று கேட்பார். நீங்கள் தடுமாறுவீர்கள். சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்கு. அது சட்டத்தின் அடிப்படை, அதைக் குறை சொல்ல முடியாது. அதனால் வயதை வாயால் சொல்லாதீர்கள். பிறந்த தேதியைச் சொல்லுங்கள். தேதி, மாதம், வருடம். கணக்குப் போடுவது அவர்கள் வேலை.

இதைவிட நுட்பமான ஆபத்து ஒன்று இருக்கிறது. சட்டம் பார்ப்பது இன்றைய வயதை அல்ல, சம்பவம் நடந்த நாளின் வயதை. ஆக நிரூபிக்க வேண்டியவை இரண்டு தேதிகள்: பிறந்த தேதி, சம்பவத் தேதி. சின்னப் பிள்ளைகள் தேதி சொல்ல மாட்டார்கள். “ஸ்கூல் லீவுல”, “தைப்பூசத்துக்கு முந்தி”, “பாட்டி செத்தப்போ” என்றுதான் சொல்வார்கள். குற்றப்பத்திரிகையில் “ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடைப்பட்ட ஒரு நாளில்” என்று எழுத வேண்டி வரும். பிள்ளையின் 12-ஆவது பிறந்தநாளோ 16-ஆவது பிறந்தநாளோ அந்த இடைவெளிக்குள் விழுந்தால் என்ன ஆகும்? நடந்தது பிறந்தநாளுக்கு முன்பா, பின்பா? 12 என்றால் குறைந்தது 10 ஆண்டுச் சிறை என்ற பிரிவே கைநழுவிப் போகலாம். 16 என்றால் சம்மதமா இல்லையா என்ற கேள்வி முழுதாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைக் கூண்டில் நிறுத்தி என்னென்ன கேட்பார்கள் என்று எழுதக் கூசுகிறது. பிள்ளை சொல்லும் அடையாளங்களை நாள்காட்டியோடு பொருத்திப் பார்ப்பதில் பெற்றோர் உதவலாம். பாட்டியின் இறப்புப் பத்திரத்தில் தேதி இருக்கும். பள்ளி விடுமுறை அட்டவணை கல்வி அமைச்சிடம் இருக்கும். கிளினிக் போன ரசீது, கைப்பேசியில் எடுத்த படம், எல்லாவற்றிலும் தேதி இருக்கும். அவற்றை விசாரணை அதிகாரியிடம் கொடுங்கள். ஆனால் ஒன்று: பிள்ளையின் வாயில் தேதியைத் திணிக்காதீர்கள். சொல்லிக் கொடுத்த சாட்சி என்று பெயர் விழுந்தால் உண்மையும் சேர்ந்து போகும்.

இனி காகிதத்துக்கு வருவோம். பிறப்புப் பத்திரம்தான் ராஜா. பிறந்து 60 நாளுக்குள் தேசியப் பதிவிலாகாவில் பதிந்து வாங்கிய பத்திரம், அதிலும் மருத்துவமனைப் பிறப்பு என்றால், அசைப்பது கடினம். மைகிட் என்ற பிள்ளைகளின் அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கமே பிறந்த ஆண்டும் மாதமும் நாளும்தான். நடுவில் வரும் இரண்டு இலக்கம் பிறந்த மாநிலம், பேராக் என்றால் 08. அசல் தொலைந்துவிட்டதா? கவலை வேண்டாம், பதிவிலாகாவில் சான்றளித்த நகல் கிடைக்கும். பெருநீர் ஏறி வீட்டுக்குள் கடல் தண்ணீர் வந்து போகிற கரையோரக் கம்பத்துக்காரர்கள் பத்திரங்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உயரத்தில் வையுங்கள் என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை.

ஆனால் பத்திரம் இருப்பதோடு முடிந்துவிடாது. இதைப் பலர் யோசிப்பதில்லை. இன்ன தேதியில் இன்ன பெயரில் ஒரு குழந்தை பிறந்தது என்றுதான் அந்தப் பத்திரம் சொல்கிறது. அந்தக் குழந்தைதான் இங்கே நிற்கும் இந்தப் பெண் என்று யாராவது கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அம்மா சொல்லலாம், அது மிகச் சிறந்தது. பெற்றவளுக்குத் தெரியாத பிறந்தநாளா? அம்மா இல்லையென்றால்? அல்லது குற்றம் சாட்டப்பட்டவன் அம்மாவின் இரண்டாம் கணவனாகி, அவள் அவன் பக்கம் சாய்ந்துவிட்டால்? அப்படிப்பட்ட வீடுகள் இல்லை என்று யாரும் மார்தட்ட வேண்டாம். அப்போது பிரசவத்தின்போது உடனிருந்த பாட்டியோ அத்தையோ வர வேண்டும், பதிவிலாகா அதிகாரி வர வேண்டும், பள்ளியில் சேர்க்கும்போது மைகிட் எண்ணைக் குறித்துக்கொண்ட பதிவேடு வர வேண்டும்.

பெயர் எழுத்துப் பிழையும் சின்ன விஷயம் இல்லை. பத்திரத்தில் ஓர் எழுத்துக் கூட்டல், பள்ளியில் வேறு, போலீஸ் ரிப்போர்ட்டில் இன்னொன்று. நம் பெயர்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் பத்து விதமாக எழுதலாம் அல்லவா? ஒரே லயத்தில் ஒரே பெயரில் மூன்று பிள்ளைகள் இருந்த காலமும் உண்டு. ரிப்போர்ட் செய்யும்போது பெயரைச் சொல்வதோடு நிற்காமல் மைகிட் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எண் ஒன்றுதான், அதை வேறு விதமாக எழுத முடியாது.

இனி, பத்திரமே இல்லாத வீடுகள். தோட்ட வாழ்க்கையின் மிச்சம் இது. பேராக் ஆறு கடலில் சேரும் இந்தப் பகுதியில், ஹூத்தான் மெலிந்தாங்கிலிருந்து ரூங்குப் வரை, தென்னையிலும் ரப்பரிலும் பிறகு செம்பனையிலும் உழைத்த தலைமுறைகளில் லயத்து வீட்டிலேயே பிரசவம் பார்த்தவர்கள் எத்தனையோ பேர். தோட்ட ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் எழுதிய பதிவேடே பலருக்கு முதல் ஆவணம். தோட்டம் கைமாறியதும், ஆஸ்பத்திரி மூடியதும், பதிவேடு எங்கே போனது என்று கேட்க ஆள் இல்லை. இது ஏதோ பழங்கதை என்று நினைக்காதீர்கள். அம்மாவுக்குப் பத்திரம் இல்லை, அதனால் பிள்ளையைப் பதியப் பயம், பிள்ளை வளர்ந்து அவளும் தாயாகிறாள், அவள் பிள்ளைக்கும் இல்லை. இப்படிச் சங்கிலியாக இன்றும் வருகிறது.

திருமணப் பதிவு இன்னொரு முடிச்சு. முஸ்லிம் அல்லாதாரின் திருமணத்தைப் பதிய வேண்டும் என்ற சட்டம் 1982 மார்ச் 1-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின்பும் கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்டவர்கள் ஏராளம். அந்தப் பிள்ளைகளைப் பதியப் போகும்போது அப்பா பெயர், குடியுரிமை என்று கேள்வி மேல் கேள்வி வரும், குடும்பம் பின்வாங்கிவிடும். 2011-இல் மைடப்தார் என்ற இயக்கம் நடத்தி இந்தியக் குடும்பங்களைத் தேடித் தேடிப் பதிய வேண்டி வந்ததும், 2017-இல் மறுபடியும் அதைப் பெரிதாக நடத்த வேண்டி வந்ததும் சும்மா இல்லை. அப்போதெல்லாம் நாம் பேசியது பள்ளி, வேலை, வங்கிக் கணக்கு என்றுதான். பத்திரம் இல்லாத பிள்ளை பாலியல் குற்றவாளியின் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்: வயதை யாராலும் சுலபமாக நிரூபிக்க முடியாத பிள்ளை, கேட்க ஆளில்லாத பிள்ளை என்றுதான் தெரியும்.

தாமதமாகப் பதிவது ஒன்றும் தவறில்லை. பதியாமலே விடுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கண் பிறந்த தேதிக்கு முன்னால் பதிவு செய்த தேதிக்குத்தான் போகும். சம்பவம் நடந்த பிறகு, போலீஸ் ரிப்போர்ட்டுக்கும் பிறகு ஓடிப் போய்ப் பதிந்த பத்திரத்துக்கு நீதிமன்றத்தில் அந்த மரியாதை கிடைக்குமா? வழக்குக்காகவே வயதைக் குறைத்தார்கள் என்று சொல்ல வாய்ப்புக் கொடுக்கிறீர்கள். எடுத்து வளர்க்கும் பிள்ளையைச் சட்டப்படி தத்தெடுக்காமல் தாங்களே பெற்றதாகப் பதிந்துவிட்ட குடும்பங்களும் இருக்கின்றன. அன்புக்காகச் செய்திருப்பீர்கள். ஆனால் பொய்த் தேதியில் நிற்கும் பத்திரம், உண்மையான கொடுமை நடந்த அன்றைக்குச் சரிந்து விழும். முதலாம் ஆண்டில் சீக்கிரம் சேர்க்க வேண்டும் என்று தேதியை முன்னே தள்ளிப் பதிந்தவர்களுக்கும் இதுவே.

“சாதகம் இருக்கிறதே!” என்பார்கள் சிலர். இருக்கட்டும். நட்சத்திரமும் லக்கினமும் நாழிகைக் கணக்கோடு எழுதியிருக்கும். இந்திய உச்ச நீதிமன்றம் 2005-இலேயே சாதகம் மிகப் பலவீனமான சான்று என்று சொல்லிவிட்டது. அதை எழுதியவரே வந்து சாட்சி சொல்ல வேண்டும். அவர் பெரும்பாலும் மேலே போயிருப்பார். இன்னொரு சிக்கல் வேறு: பஞ்சாங்கத்தில் நாள் சூரிய உதயத்தில் தொடங்குகிறது. விடியற்காலை இரண்டு மணிக்குப் பிறந்த பிள்ளைக்குச் சாதகத்தில் முந்தின நாள், மருத்துவமனையில் மறுநாள். கோட்டின் விளிம்பில் நிற்கும் வழக்கில் இந்த ஒரு நாளே தகராறாகிவிடும். சாதகத்தைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, காகிதம் எதுவும் இல்லை, டாக்டர் எக்ஸ்ரே எடுத்துச் சொல்லிவிட மாட்டாரா? இந்த நம்பிக்கைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வளரும் பிள்ளையின் மணிக்கட்டிலும் கையிலும் உள்ள எலும்புகளின் நுனிகள் படிப்படியாக மூடிச் சேரும். எக்ஸ்ரேயில் அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்த்து, அச்சிட்ட மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு, எலும்பு வயது இவ்வளவு என்பார்கள். உலகம் முழுக்கப் புழங்கும் கிரூலிக்–பைல் என்ற படத்தொகுப்பு 1950-இல் முதலில் வெளிவந்தது. அதில் உள்ள படங்கள் யாருடையவை தெரியுமா? அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், 1930-களிலும் 40-களின் தொடக்கத்திலும், வசதியான வெள்ளைக்காரக் குடும்பங்களில் வளர்ந்த பிள்ளைகளுடையவை. அந்தப் பிள்ளைகளின் எலும்பை வைத்து, இரும்புச் சத்துக் குறைவோடு தோட்டத்தில் வளர்ந்த நம் பிள்ளையின் எலும்பை அளக்கிறோம். சத்துக் குறைந்தால் எலும்பு பின்தங்கும், பருவம் சீக்கிரம் வந்தால் முந்திப் போகும். ஞானப்பல்லும் அப்படித்தான், ஒருவருக்கு 17-இல் முளைக்கும், இன்னொருவருக்கு 21-இல்.

எனவே எந்த டாக்டரும் ஒரு தேதியைச் சொல்ல மாட்டார். ஒரு நீட்சியைத்தான் சொல்வார், 14-க்கும் 16-க்கும் நடுவில் என்பது போல. 1982-இலேயே இந்திய உச்ச நீதிமன்றம், இப்படிச் சோதித்துச் சொல்லும் வயதில் இரண்டு பக்கமும் இரண்டு ஆண்டு பிழை இருக்கலாம் என்றது. அந்த இரண்டு ஆண்டு யாருக்குச் சாதகம்? குற்றம் சாட்டப்பட்டவருக்கு. 2024-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதைப் பச்சையாகவே சொல்லிவிட்டது: பாதிக்கப்பட்டவரின் எலும்பு வயது நீட்சியில் மேல் எண்ணை எடுக்க வேண்டும், அதற்கு மேல் இரண்டு ஆண்டுப் பிழையையும் சேர்க்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். டாக்டர் 14 முதல் 16 என்கிறார். மேல் எண் 16, கூட்டு 2, ஆக 18. உண்மையில் 14 வயதான பிள்ளை, நீதிமன்றத்தில் 18 வயதுப் பெண்ணாகிவிடுகிறாள்.

2023 ஜூலையில் வந்த தீர்ப்பு ஒன்றும் தமிழ்நாட்டு வழக்குதான். யுவபிரகாஷ் வழக்கு என்று குறிப்பிடுகிறார்கள். நீதிபதிகள் எஸ்.ரவீந்திர பட், அரவிந்த் குமார் தீர்ப்பளித்தனர். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் இந்தியாவின் போக்சோ சட்டப்படி, கீழ் நீதிமன்றமும் சென்னை உயர் நீதிமன்றமும் குற்றவாளி என்று சொல்லியிருந்தன. வயதுக்கு அரசுத் தரப்பு காட்டியது பள்ளி மாற்றுச் சான்றிதழ். இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 94-ஆம் பிரிவில் ஒரு படிவரிசை போட்டு வைத்திருக்கிறது: முதலில் பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்றிதழ் அல்லது மெட்ரிக் சான்றிதழ், அது இல்லையென்றால் மாநகராட்சியோ நகராட்சியோ பஞ்சாயத்தோ தந்த பிறப்புச் சான்றிதழ், இவை எதுவுமே இல்லையென்றால்தான் எலும்புச் சோதனை. மாற்றுச் சான்றிதழ் இந்த வரிசையில் எங்கும் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். மிஞ்சியது மருத்துவரின் கருத்து. அவர் சொன்னது 18-க்கும் 20-க்கும் இடையில். தண்டனை ரத்து, விடுதலை.

அந்தத் தீர்ப்பை நான் குறை சொல்லவில்லை. 18 வயது முடிந்தவளாக இருந்திருக்கலாம் என்ற நிலையில் ஒருவரைப் போக்சோவில் சிறையில் வைத்திருப்பது அநியாயம்தான். காதலித்து ஓடிப் போன பெண்ணை மீட்க, வயதைக் குறைத்துச் சொல்லிப் பையனை உள்ளே தள்ளும் பெற்றோரும் நம்மிடையே இருக்கிறார்கள். சரியான பத்திரம் அந்தப் பையனையும் காக்கும். அதனால்தான் சொல்கிறேன், பொய் வேண்டாம், மெத்தனமும் வேண்டாம். மலேசியாவில் பாதிக்கப்பட்டவரின் வயதுக்கு இந்தியாவைப் போல ஒரு படிவரிசையைப் பிடித்துக்கொண்டு வாதாடுவதில்லை. சாட்சியச் சட்டத்தின் பொது விதிகள்தான் பெரும்பாலும் வழிகாட்டும். அதற்காக இங்கே வேலை சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இவ்வளவும் படித்துவிட்டு ஒரு தவறு மட்டும் செய்துவிடாதீர்கள்: பத்திரம் கிடைக்கட்டும் என்று ரிப்போர்ட் செய்யாமல் காத்திருப்பது. கூடவே கூடாது! பிள்ளைக்கு ஏதாவது நடந்தது என்று தெரிந்தால் அன்றைக்கே போலீஸ், அன்றைக்கே மருத்துவமனை. குளிப்பாட்ட வேண்டாம், உடையைத் துவைக்க வேண்டாம். உடலில் உள்ள சான்று மணிக்கணக்கில் அழியும். வயதுச் சான்று அடுத்த வாரமும் பதிவிலாகாவில் இருக்கும். போலீசில் இத்தகைய வழக்குகளுக்கென்றே டி11 என்ற பிரிவு இருக்கிறது. பெண் அதிகாரியைக் கேளுங்கள். விசாரணை அதிகாரியிடம் பத்திரத்தின் நகலைக் கொடுத்து, அசலைக் காட்டி, பிரசவத்தின்போது உடனிருந்தவர் யார், எந்த மருத்துவமனை என்பதையும் வாக்குமூலத்தில் எழுதச் சொல்லுங்கள். கிளினிக்கில் தந்த தாயின் கர்ப்பகாலப் புத்தகம், பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகம் இவற்றையும் தேடி எடுங்கள். பத்திரம் தாமதமாகப் பதிந்ததாக இருந்தால் இந்தப் புத்தகங்கள்தான் அதற்கு முட்டுக் கொடுக்கும். வழக்கு விசாரணைக்கு வரும்போது அரசுத் தரப்பு வழக்கறிஞரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: “ஐயா, பிள்ளையின் வயதுக்கு யார் சாட்சி?” அலமேலு வழக்கில் யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம்.

“நாலு பெரியவங்க பேசி முடிச்சிடலாம், கல்யாணத்தைப் பண்ணி வெச்சிடலாம்” என்று வருவார்கள். வருபவர் மாமாவாக இருக்கலாம், கோயில் தலைவராக இருக்கலாம். முஸ்லிம் அல்லாதாருக்குத் திருமண வயது 18. 16 முடிந்த பெண்ணுக்கு மந்திரி புசாரின் உரிமம் இருந்தால்தான் விதிவிலக்கு. 16-க்குக் கீழ் என்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. கொடுத்த ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டால் வழக்கு முடிந்துவிடும் என்பதும் கட்டுக்கதை. வழக்குத் தொடுப்பதா நிறுத்துவதா என்று முடிவு செய்வது அரசுத் தலைமை வழக்கறிஞர். பேசி முடிக்க வருபவருக்கு இன்னொன்றும் சொல்லி அனுப்புங்கள்: பிள்ளைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தும் தகவல் கொடுக்காமல் இருப்பதே 2017 சட்டத்தின் 19-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம், 5,000 ரிங்கிட் வரை அபராதம்.

பத்திரத்தைப் படம் பிடித்து உதவி கேட்கிறேன் என்று வாட்சப் குழுவில் போடாதீர்கள். பிள்ளையின் பெயர், படம், பள்ளி, எதையும் வெளியில் விடக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15-ஆம் பிரிவு சொல்கிறது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஆத்திரத்தில் பகிர்பவர்களுக்கும் இது பொருந்தும்.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினரே, கோயில் நிர்வாகத்தினரே, உங்களுக்குத் தெரியும் எந்த வீட்டில் பிள்ளைக்குப் பத்திரம் இல்லை என்று. திருவிழாவுக்கு வேன் பிடித்துக் கூட்டிப் போகிறீர்களே, அதே வேனில் அந்தக் குடும்பங்களைப் பதிவிலாகாவுக்கு அழைத்துப் போங்கள். மலாயில் பேசத் தயங்குகிற தாய்க்குப் பக்கத்தில் நின்று படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். கேட்ட ஆவணம் இல்லையென்று முதல் தடவை திருப்பி அனுப்பினால், அடுத்த தடவையும் கூடப் போங்கள். பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் தாலியான் காசே உதவித் தொலைபேசி எண் 15999, இருபத்துநாலு மணி நேரமும் எடுப்பார்கள். பதிவிலாகா திங்கட்கிழமை காலை திறக்கும். இந்தத் திங்கட்கிழமையே போங்கள்.